பலர் வேலை செய்யும் கம்ப்யூட்டரை நிறுத்தும் முறை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்தில் ‘ஷட்டவுன்’ என்ற சொல் கம்ப்யூட்டருக்கு முன்பே வந்துவிட்டது. “நாளைக்கு ஷட்டவுன்” என்று யாராவது சொன்னால், துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலையில் போகும் மின்சாரம் பிற்பகலிலோ மாலையிலோதான் வரும் என்று கடைப் பையன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் புரியும். மின்வாரியத்தார் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்கூட்டியே பத்திரிகையில் அறிவிப்பு வரும். லைனில் வேலை செய்கிறவர் ‘எல்.சி.’ எனப்படும் லைன் கிளியர் வாங்கிய பிறகே கம்பத்தில் ஏற வேண்டும். வேலை முடிந்து எல்லோரும் கீழே இறங்கி, வாங்கிய எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்த பிறகே மறுபடி மின்சாரம் விட வேண்டும். கம்பத்தின் மேலே யாராவது இருக்கிறார்களா என்று தெரியாமல் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதே இந்த முறையின் சாரம்.

நமது வணிக நிறுவனங்களில் பலர் ஒரே சமயத்தில் வேலை செய்யும் கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கும் இதே முறைதான் வேண்டும். ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பது வேறு. இரவு எட்டரை மணிக்கு முதலாளி எழுந்ததும், சாவியைக் கையில் எடுத்தவர் மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டு ஷட்டரை இழுக்கிறார். பத்து நாள் ஒன்றும் ஆவதில்லை. பதினோராவது நாள் ஆகிறது. ஆகவே இம்முறை இதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். பலர் பயன்படுத்தும் அமைப்பில் அப்படி இல்லை. கணக்கு முழுவதும் ‘சர்வர்’ என்ற ஒரே மெஷினில் இருக்கும். பில் போடும் இடம், கணக்குப் பிரிவு, குடோன், ஊருக்கு வெளியே உள்ள டேனரி என்று பல இடங்களிலிருந்து அதில் எழுதிக்கொண்டிருப்பார்கள். 1980களின் கடைசியிலும் 1990களிலும் நம் நாட்டு நடுத்தர நிறுவனங்கள் வாங்கிய இத்தகைய மெஷின்களில் எஸ்.சி.ஓ. ஸீனிக்ஸ், எஸ்.சி.ஓ. யூனிக்ஸ், நாவெல் நெட்வேர் ஆகியவை பரவலாக இருந்தன. இன்று அந்த இடத்தில் விண்டோஸ் சர்வரும் லினக்ஸும் இருக்கின்றன. டேலி போன்ற கணக்கு மென்பொருளைப் பலர் ஒரே நேரத்தில் திறந்து வைத்து வேலை செய்கிறோம். பெயர்கள் மாறினவே தவிர, நிறுத்தும் ஒழுங்கு மாறவில்லை.

திரையில் தெரிவதெல்லாம் டிஸ்க்கில் ஏறிவிட்டது என்று எண்ணுவதுதான் முதல் தவறு. நம் பழைய கணக்குப்பிள்ளைகள் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் பேரேட்டைத் திறந்துகொண்டிருக்க மாட்டார்கள். சிட்டையில் குறித்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் பேரேட்டில் ஏற்றுவார்கள். கம்ப்யூட்டரும் அப்படித்தான். டிஸ்க்கில் எழுதுவது மெமரியில் எழுதுவதைவிட மிகவும் மெதுவான வேலை என்பதால், எழுத வேண்டியதை மெமரியில் சேர்த்து வைத்துப் பிறகு டிஸ்க்கில் ஏற்றும். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸில் தொடக்க காலம் முதல் இதுதான் ஏற்பாடு. ஏறத்தாழ அரை நிமிடத்துக்கு ஒரு முறை சிட்டை பேரேட்டுக்குப் போகும். ‘சிங்க்’ என்று ஒரு கட்டளை அடித்தால் உடனே போகும். அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் மெஷினை நிறுத்துவதற்கு முன் அதை மூன்று தடவை அடிப்பார்கள். ஒரு தடவை போதாதா என்று கேட்டால் சிரிப்பார்கள். உண்மையில் இரண்டாவதும் மூன்றாவதும் அடிக்கும் நேரத்தில் முதலாவது வேலையை முடித்திருக்கும், அவ்வளவுதான். மின்சாரம் போனால் மெமரியில் உள்ளது அந்த விநாடியே அழியும். சிட்டை எரிந்துபோனது போல.

இதிலும் இரண்டு அடுக்கு உண்டு. யூனிக்ஸோ விண்டோஸோ சேர்த்து வைப்பது ஒன்று. கணக்கு மென்பொருள் தன் பங்குக்குச் சேர்த்து வைப்பது இன்னொன்று. நம் பகுதியில் நாம் நேரில் பார்த்த சேதங்களில் அதிகம் இந்த இரண்டாவதால் வந்தவை.

1990களின் நடுவில் ஆம்பூரில் நடந்தது இது. டேனரிகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்யும் ஒரு மொத்த வியாபாரி, பெயர் வேண்டாம். ஐந்து டெர்மினல் போட்டிருந்தார். அதில் ஒன்று இரண்டு தெரு தள்ளியிருந்த குடோனில். குடோனைப் பார்த்துக்கொண்டவர் இருபது வருடமாக அங்கேயே இருந்தவர். ஒரு நாள் மாலை ஒன்பது டெலிவரிகளைப் பதிந்துவிட்டு, திரையை அப்படியே விட்டுவிட்டு லாரிக்குச் சரக்கு ஏற்றப் போயிருக்கிறார். எட்டு மணிக்கு மெயின் ஆபீஸில் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். குடோனில் இன்னும் வேலை நடக்கிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை மெஷினைப் போட்டதும் திரையில் ஏதேதோ கேள்விகள் வந்திருக்கின்றன. பையன் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று அடித்துவிட்டுப் பில் போட ஆரம்பித்துவிட்டான்.

மாதக் கடைசியில் இருப்பு எடுத்தபோது குரோம் பவுடரில் 40 மூட்டை குறைந்தது. சாயத்திலும் ஃபேட் லிக்கரிலும் சில்லறையாகக் குறைந்தது. மூட்டை 25 கிலோ, மொத்தம் ஒரு டன். குடோன்காரரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நாம் போனபோது முதலாளி கேட்டது இதுதான்: “கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா சார்?”

கேட் பாஸ் புத்தகத்தின் கார்பன் பிரதியைக் கொண்டுவரச் சொன்னோம். அந்தத் தேதியில் ஒன்பது பாஸ்கள் இருந்தன. ஒன்றுக்கும் பில் இல்லை. சரக்கு வாங்கிய டேனரியின் வரவுப் பதிவேட்டில் 40 மூட்டையும் ஒழுங்காக ஏறியிருந்தது. பில் வராததால் அவர்கள் பணம் அனுப்பவில்லை. பில் வராத சரக்குக்கு யார்தான் தாமாகவே பணம் அனுப்புகிறார்கள்?

நடந்தது இவ்வளவுதான். அந்தப் புரோகிராம் டிபேஸ் வகைக் கோப்பில் எழுதும். அவ்வகைக் கோப்பின் தலைப்பில் ‘இதில் இத்தனை பதிவுகள்’ என்று ஓர் எண் இருக்கும். குடோன் கோப்பை அந்த டெர்மினலுக்கு மட்டும் என்று திறந்து வைத்துக்கொண்டு, வெளியேறும்போதுதான் அந்த எண்ணைத் திருத்தும்படி புரோகிராம் எழுதியிருந்தார்கள். ஒன்பது பதிவுகளும் டிஸ்க்கில் ஏறியிருந்தன. எண் மட்டும் பழைய எண். எண்ணிக்கைக்கு வெளியே நிற்கும் பதிவு இருந்தும் இல்லாதது. மறுநாள் காலை போட்ட புதுப் பதிவுகள் சரியாக அந்த ஒன்பதின் மேலேயே எழுதப்பட்டுவிட்டன. புதிதாக ஒன்றும் போடாமல் அன்றே பார்த்திருந்தால், எண்ணைத் திருத்தி ஒன்பதையும் மீட்டிருக்கலாம். மாதக் கடைசியில் ஒன்றும் செய்ய முடியவில்லை. கார்பன் பிரதியைப் பார்த்து மறுபடி பதிந்தோம்.

குடோன்காரர் மறுநாளே வேலைக்கு வந்தார். வீட்டில் இருந்த நாட்களுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்த நாட்களில் தெருவில் பேசிய பேச்சை யாரும் திருப்பி வாங்கவில்லை.

இனி முறைக்கு வருவோம்.

நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும் இருக்க வேண்டும். அவர் வராத நாளுக்கு இன்னொருவர். சர்வரின் நிர்வாகி பாஸ்வேர்டு அவ்விருவரிடமும், உறையிட்டு முதலாளியின் பீரோவிலும் இருக்கட்டும். ‘யார் கடைசியில் போகிறாரோ அவர் நிறுத்தட்டும்’ என்ற வழக்கம் கூடவே கூடாது. கடைசியாகப் போகிறவர் பெரும்பாலும் கூட்டிப் பெருக்குகிறவராகவோ வாட்ச்மேனாகவோ இருப்பார். அவர்மேல் அந்தப் பொறுப்பைப் போடுவது நியாயமில்லை.

அடுத்தது அறிவிப்பு. அரை மணி முன்பாகவே, “எட்டே காலுக்கு நிறுத்துகிறோம், எட்டு மணிக்குள் எல்லோரும் முடித்து வெளியே வாருங்கள்” என்று சொல்லிவிட வேண்டும். லினக்ஸிலும் யூனிக்ஸிலும் ‘வால்’ என்ற கட்டளையால் எல்லா டெர்மினல் திரைகளுக்கும் ஒரே செய்தியை அனுப்பலாம். ‘ஷட்டவுன்’ கட்டளையுடன் நிமிடக் கணக்கையும் செய்தியையும் சேர்த்துக் கொடுத்தால் அதுவே அவ்வப்போது எச்சரிக்கும். இன்றைய லினக்ஸில் கடைசி ஐந்து நிமிடத்தில் புதிதாக யாரையும் உள்ளே விடாது. இடையில் மனம் மாறினால் ரத்து செய்யவும் வழி உண்டு. பழைய நெட்வேரில் ‘டிசேபிள் லாகின்’ என்று ஒரு கட்டளை இருந்தது. வாசலை முதலில் அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிய பின் ‘டவுன்’ அடிப்பார்கள். நல்ல ஏற்பாடு. கடையில் கதவைப் பாதி இறக்கி வைத்து உள்ளே இருக்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் பில் போடுவதில்லையா, அது போல.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ‘வால்’ செய்தி டெர்மினல் வழியாக நுழைந்தவர்களுக்கே போய்ச் சேரும். சர்வரில் உள்ள கோப்பைத் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து திறந்து வைத்திருப்பவர் திரையில் ஒன்றும் தெரியாது. அவருக்குப் போன்தான்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவதே இந்த வேலையில் பெரிய பங்கு. நேரம் கொடுக்க வேண்டியதும் இங்கேதான். முன்பு எழுந்து நின்று பார்த்தால் பாதிப் பேர் தெரிவார்கள். 2020-ல் வந்த கொரோனா ஊரடங்குக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்யும் கணக்காளர், வேலூரில் இருக்கும் ஆடிட்டர், சென்னை பெரியமேட்டு ஆபீஸ் என்று கண்ணுக்குத் தெரியாதவர்கள் சேர்ந்துவிட்டார்கள். லினக்ஸில் ‘ஹூ’ என்று அடித்தால் நுழைந்திருப்பவர் பட்டியல் வரும். விண்டோஸ் சர்வரில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’டுக்குள் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ பகுதியில் ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று இருக்கும். எந்தக் கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார் என்பது அதில் தெரியும். பட்டியல் காலியாகும் வரை காத்திருங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வருகிறவர்கள் வேலை முடிந்ததும் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் இணைப்புதான் அறுகிறது. அவர் திறந்த பில் சர்வரில் பாதியில் நின்றபடியே இருக்கும். ‘சைன் அவுட்’ செய்தால்தான் வெளியேறியதாக அர்த்தம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அவசரமாகக் கிளம்பும் நேரத்தில் நம் ஊர் ஆபீஸ்களில் எத்தனை திரைகள் இப்படித் திறந்து கிடக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

ஆள் எல்லோரும் வெளியே வந்த பிறகும் ஆள் இல்லாமல் ஓடும் வேலைகள் இருக்கும்: பேக்கப், பிரிண்டருக்குக் காத்திருக்கும் பில்கள், ஜி.எஸ்.டி. கோப்பு இறக்குவது. பேக்கப் பாதியில் இருந்தால் முடியவிடுங்கள். பாதி பேக்கப் இல்லாததைவிட மோசம். முழுதாக இருக்கிறது என்று நம்ப வைத்துவிடும். பிறகு கணக்கு மென்பொருளையும் அதன் டேட்டாபேஸையும் முறையாக மூடி, அதன் பின்னரே சர்வரை நிறுத்தும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளை ஒவ்வொரு புரோகிராமிடமும் முதலில் ‘முடித்துக்கொள்’ என்று தன்மையாகச் சொல்லும். கேட்காததைப் பிறகு கட்டாயமாக நிறுத்தும். பல லினக்ஸ் அமைப்புகளில் இந்த இடைவெளி 90 விநாடி. ‘திரை அப்படியே நிற்கிறதே’ என்று பொறுமை இழந்து பட்டனை அமுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் இந்த ஒன்றரை நிமிடத்தில்தான். முன்புறப் பட்டனை ஒரு முறை தொட்டு எடுத்தால் பெரும்பாலான மெஷின்கள் ஒழுங்காகவே நிற்கத் தொடங்கும். நான்கு விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் மின்சாரத்தை வெட்டிவிடும். முன்னது கதவைத் தட்டுவது, பின்னது உடைப்பது.

பழைய எஸ்.சி.ஓ. மெஷின்களில் எல்லாம் முடிந்ததும் ‘இனி மின்சாரத்தை நிறுத்தலாம்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். அந்த வரி வரும் வரை சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். இப்போது மெஷின் தானாகவே அணைந்துவிடுகிறது. விளக்கு அணைந்து, மின்விசிறிச் சத்தம் நின்ற பிறகு வெளி டிஸ்க் பெட்டியை அணையுங்கள், பிறகு நெட்வொர்க் சுவிட்ச், யு.பி.எஸ். கடைசி. விண்டோஸ் சர்வர் 2003 முதல், நிறுத்தும்போது காரணம் கேட்கும் ஒரு கட்டம் வருகிறது. அதில் ஏதாவது ஓர் எழுத்தை அடித்துத் தப்பிக்கிறார்கள். அதைவிட, சர்வர் பக்கத்தில் ஒரு நோட்டை ஆணியில் மாட்டி வைத்து, நிறுத்திய நேரம், காரணம், யார், ஒவ்வொரு இடத்திலும் கடைசி பில் எண் என்ன என்று எழுதி வைப்பது நல்லது. கடைசி பில் எண் முக்கியம். மறுநாள் காலை அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

இதெல்லாம் நாமாக நிறுத்தும்போது. மின்சாரம் சொல்லாமல் போனால்?

2012-ல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அப்போது வாங்கிய இன்வெர்ட்டர்கள் இன்னும் பல கடைகளில் சர்வருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. விளக்குக்கும் மின்விசிறிக்கும் வைத்த இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள எடுக்கும் நேரம் கம்ப்யூட்டருக்குப் பொறுக்காமல் போகலாம். மெஷின் ஒரு முறை அணைந்து எழும். சில இன்வெர்ட்டர்களில் பின்புறம் ‘யு.பி.எஸ்.’ என்று ஒரு நிலை உண்டு, அதில் வைத்துப் பாருங்கள். சர்வருக்கென்று தனி யு.பி.எஸ். வைப்பதே உத்தமம்.

யு.பி.எஸ். இருப்பது வேலையைத் தொடர்வதற்கு என்று பலர் எண்ணுகிறார்கள். நிறுத்துவதற்கு அவகாசம் கொடுப்பதே அதன் முதல் வேலை. உங்கள் சர்வர் முழுதாக நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். யு.பி.எஸ். முப்பது நிமிடம் தாங்குகிறது. ஜெனரேட்டருக்காக ஐந்து நிமிடம் பாருங்கள். எல்லோரையும் வெளியே வரச் சொல்ல ஐந்து நிமிடம் கொடுங்கள். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தத் தொடங்கிவிடுங்கள். ‘இதோ வந்துவிடும்’ என்று இருபத்தெட்டாவது நிமிடம் வரை காத்திருந்து கெட்டவர்கள் நம்மில் உண்டு. பெரும்பாலான யு.பி.எஸ்.களில் சர்வருடன் ஒரு கேபிள் போட்டு, பாட்டரி குறைந்ததும் தானாக நிறுத்தும் வசதி உண்டு. கேபிள் பெட்டியிலேயே கிடக்கும். எடுத்துப் போடுங்கள். பில் போடும் கம்ப்யூட்டர்களுக்கும், நடுவில் உள்ள நெட்வொர்க் சுவிட்சுக்கும் யு.பி.எஸ். மின்சாரம் இல்லாவிட்டால், சர்வர் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை. திறந்த பில்லை மூட ஆளுக்கு வழி இருக்காது.

மின்சாரம் திரும்பி வந்ததும் உடனே பாய்ந்து போடுவதும் தவறு. வந்து, போய், மறுபடி வருவது நம் ஊர் வழக்கம். பத்து நிமிடம் நிலைக்கட்டும். 2017 மே மாதம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்துக்கு லண்டனில் இது நடந்தது. அவர்கள் கம்ப்யூட்டர் மையத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ஒழுங்கில்லாமல் திரும்பக் கொடுக்கப்பட்டது. கருவிகள் சேதமானதற்கு இந்த இரண்டாவதுதான் காரணம் என்று அந்நிறுவனத்தாரே கூறினார்கள். சுமார் 75,000 பயணிகள் தவித்துப்போனார்கள். போடும்போது வரிசை தலைகீழ்: யு.பி.எஸ்., நெட்வொர்க் சுவிட்ச், வெளி டிஸ்க், சர்வர். அது முழுதாக எழுந்த பிறகே மற்ற கம்ப்யூட்டர்கள்.

ஒழுங்கில்லாமல் நின்றுவிட்டது என்று தெரிந்தால் முதல் காரியம், புதிதாக ஒரு பில்கூடப் போடாமல் இருப்பது. வாடிக்கையாளர் நின்றால் கையால் எழுதிக் கொடுங்கள். சர்வர் தன் டிஸ்க்கைச் சரிபார்க்கும். கேள்வி கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ அடிக்காமல், அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நோட்டில் உள்ள கடைசி பில் எண், கேட் பாஸ், பணப் பெட்டி, மூன்றையும் திரையோடு ஒப்பிடுங்கள். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி. 3, 4 போன்ற இன்றைய கோப்பு முறைகள் தாம் செய்யப்போவதை முன்கூட்டிக் குறித்துக்கொள்வதால், மின்சாரம் போனாலும் அலமாரி சரிந்துவிடாமல் காக்கின்றன. “இப்போதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று சர்வீஸ் பையன்கள் சொல்வது இதை நம்பித்தான். அலமாரி நிற்கும் என்பது உண்மை. அலமாரிக்குள் நீங்கள் பாதி எழுதிய பில் முழுதாகுமா என்பது கணக்கு மென்பொருளைப் பொறுத்தது. டேனரி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: குரோம் ஏறிக்கொண்டிருக்கும் டிரம் நடுவில் நீண்ட நேரம் நின்றால் டிரம்முக்கு ஒன்றும் ஆகாது, தோல்தான் திட்டுத் திட்டாகும்.

கடைசியாகப் பாட்டரி. யு.பி.எஸ். பாட்டரிக்குச் சொல்லும் ஆயுள் 25 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்வது. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். வேலூர் வெயிலைப் பற்றி நமக்கே நாம் சொல்லிக்கொள்ள வேண்டுமா? ஏ.சி. இல்லாத அறையில், அதுவும் மேலே அஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட குடோன் மூலையில் வைத்த பாட்டரி, இரண்டு வருடத்திலேயே முப்பது நிமிடத்திலிருந்து ஏழெட்டு நிமிடத்துக்கு இறங்கிவிடக்கூடும். முன்புறப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அக்னி நட்சத்திரம் கழிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வெளியேறி பேக்கப் எடுத்த பிறகு சர்வரை முறைப்படி நிறுத்திவிட்டு, அதே அளவு மின்சாரம் இழுக்கும் பல்புகளை யு.பி.எஸ்.ஸில் மாட்டி, பிளக்கைப் பிடுங்கி, எத்தனை நிமிடம் எரிகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பழைய எண்ணை அடித்துவிடுங்கள்.